கூந்தன்குளத்து இறகுகள்

பறவைகளைப் படம் பிடித்து, "எப்படி இருக்கிறது, சாமி?" என்று கைப்பேசியை நீட்டும் இளைஞர்கள் நம் குடும்பங்களில் இப்பொழுது பெருகி வருகின்றனர். மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், நாம் கண்ட படங்களில் பெரும்பாலானவை ஒரே குறையுடையனவாய் இருக்கின்றன. பறவை இருக்கிறது, அதன் வடிவம் தெரிகிறது, நிறமும் ஓரளவு தெரிகிறது, இறகைத்தான் காணோம். இறகு இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சுப்பொதி போலவோ, சுண்ணாம்பு பூசிய சுவர் போலவோ ஏதோ ஒன்று தோன்றுகின்றது. "இன்னும் விலையுயர்ந்த காமிரா வாங்கினால் சரியாகிவிடுமா?" என்று அவர்கள் கேட்கின்றனர். மகன் கேட்கும்போது தந்தையின் முகத்தில் தோன்றும் கவலையையும் நாம் கவனித்திருக்கின்றோம். தொலைவிலுள்ளதை அருகே காட்டும் நல்ல லென்ஸ் ஒன்றின் விலை இன்று ஒரு லட்சம் ரூபாயை எட்டுகிறது அன்றோ!

அப்பணத்தைக் கடையில் எண்ணிக் கொடுப்பதற்கு முன், ஒருமுறை கூந்தன்குளத்துக்குச் சென்று வருமாறு அவர்களுக்கு நாம் கூறுவது வழக்கம். அவ்வூரைப் பற்றி எழுத வேண்டும் என்பது நமது நெடுநாள் எண்ணம்.

திருநெல்வேலிக்குத் தெற்கே ஏறக்குறைய 33 கிலோமீட்டர் தொலைவில், நாங்குநேரி வட்டத்தில் உள்ளது கூந்தன்குளம். பாளையங்கோட்டையைக் கடந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் செல்லலாம். வழியெங்கும் வானம் பார்த்த பூமி. பனையும் உடைமரமும் அன்றிக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக அதிகம் இல்லை. இத்தகைய வறண்ட நிலத்தின் நடுவே திடீரென ஒரு நீர்ப்பரப்பு விரிவதைக் காணும்பொழுது, ஆயிரக்கணக்கான பறவைகள் ஏன் இவ்விடத்தைத் தேடி வருகின்றன என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. மணிமுத்தாற்று அணையின் நீர் கால்வாய் வழியே இங்கு வந்து சேர்கின்றது. கூந்தன்குளம், காடன்குளம் ஆகிய இரு குளங்களும் சேர்ந்து 129 ஹெக்டேர் பரப்புள்ள சரணாலயமாக 1994-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டன. உலக அளவில் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இவ்விடமும் இடம் பெற்ற செய்தி 2022-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆனால் அரசாணைக்கும் பட்டியலுக்கும் நெடுங்காலம் முன்பிருந்தே இவ்வூர் மக்கள் பறவைகளைத் தம் வீட்டு விருந்தினராகப் போற்றி வந்திருக்கின்றனர்.

பறவைகள் குளத்தினுள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுவதில் வியப்பில்லை. இவ்வூரிலோ அவை தெருவுக்குள்ளும் வந்துவிடுகின்றன. வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்தில், துணி காயப்போடும் கொடிக்கு மேலே, மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றது. சங்குவளை நாரை என்றும் இதனைக் கூறுவர். அதன் எச்சம் முற்றத்தில் விழுகின்றது. மீன் வாடை வீட்டுக்குள் புகுகின்றது. குஞ்சுகளின் கூச்சல் உறக்கத்தைக் கெடுக்கின்றது. ஒருவரும் கல்லெறிவதில்லை. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது ஊர்க்கட்டுப்பாடு. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து, அவை தாமே இரை தேடும் பருவம் வரையில் மீன் கொடுத்து வளர்ப்பதற்கு வனத்துறையினர் ஏற்பாடு செய்துள்ளனர். பறவையின் எச்சம் படிந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பதையும் இம்மக்கள் அறிவர்.

இனி, இறகு எனும் பொருளுக்கு வருவோம்.

கூந்தன்குளத்தின் தெருவில் நின்றால் மஞ்சள் மூக்கு நாரை நமக்குப் பத்து மீட்டர் தொலைவில் இருக்கும். வேறு இடங்களில் கரையில் நின்று நோக்கினால் நாற்பது மீட்டரோ, அதற்கு மேலோ இருக்கும். இந்த வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். முழு அளவு உணரி உடைய காமிராவில் 500 மி.மீ. லென்ஸைப் பொருத்திப் பத்து மீட்டரில் உள்ள பறவையை நோக்கினால், படத்தின் அகலம் முழுவதும் 72 சென்டிமீட்டரைத்தான் அடக்கும். அப்படம் குறுக்கே 6,000 புள்ளிகள் கொண்டதாயின், ஒரு புள்ளி பறவையின் உடலில் 0.12 மில்லிமீட்டரைக் காட்டுகின்றது. நாற்பது மீட்டரிலோ அதே புள்ளி அரை மில்லிமீட்டரை மூட வேண்டியதாகிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் நெருங்கி நிற்கும் இறகின் இழைகளை அப்பருமனான புள்ளி எவ்வாறு பிரித்துக் காட்டும்? பிறகு கணினியில் எவ்வளவு பெரிதாக்கினாலும், இல்லாததைப் பெரிதாக்கலாமேயன்றி இருப்பதாக்க இயலாது. லட்ச ரூபாய் லென்ஸைவிட முப்பது மீட்டர் தூரம் விலைமதிப்புள்ளது என்று நாம் இளைஞர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

மஞ்சள் மூக்கு நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள பறவை. மஞ்சள் அலகும், செம்மஞ்சள் நிற மொட்டை முகமும், முதுகின் பின்புறம் தாழ்ந்து கிடக்கும் ரோஜா நிற இறகுகளும் முதலில் கண்ணைக் கவரும். படம் எடுப்போருக்குப் பயன்படுவது அதன் சிறகின் மேற்பகுதியே. அங்கே ஒவ்வொரு கரிய இறகுக்கும் வெண்ணிற விளிம்பு ஒன்று உண்டு. மீனின் செதில்கள் போல அவை வரிசையாய் அடுக்கப்பட்டுள்ளன. கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை இது நமக்கு நினைவூட்டுகின்றது. எடுத்த படத்தை முழு அளவிற்குப் பெரிதாக்கி, அந்த வெள்ளை விளிம்புகள் தனித்தனியே நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். படத்தின் கூர்மையைப் பற்றி வேறெவரையும் கேட்க வேண்டுவதில்லை.

இறகின் அமைப்பையும் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். நடுவே ஒரு தண்டு. அதன் இருமருங்கும் இழைகள். ஒவ்வோர் இழையிலும் அதனினும் நுண்ணிய கிளையிழைகள். அவற்றில் கண்ணுக்குப் புலனாகாத கொக்கிகள். இக்கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் இறகு கிழியாத துணி போல ஒரே பரப்பாய் நிற்கின்றது. காற்றிலும் நீரிலும் முட்செடியிலும் பட்டு இவை அவிழ்ந்துவிடும். பறவை அலகால் இறகை நீவி மீண்டும் மாட்டுகின்றது. வாலடியிலுள்ள சுரப்பியின் எண்ணெயையும் எடுத்துப் பூசுகின்றது. ஒரு நாரை இறகு கோதி முடிப்பதற்கு நெடுநேரம் பிடிக்கும். பொறுமையற்றவர் இந்நேரத்தில் நூறு படங்களை எடுத்துத் தள்ளுவர். அத்தனையும் தலை மறைந்தும், இறகு கலைந்தும் இருக்கும். கோதி முடித்தபின் பறவை உடலை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு, ஒற்றைக் காலில் அமைதியாய் நிற்கும். அந்த இரண்டு நிமிடத்திற்காகக் காத்திருப்பவருக்கே இறகு முழுமையாகக் கிடைக்கும். படத்தின் கூர்மையில் பாதி பறவையின் உழைப்பு என்றால் அது மிகையாகாது.

நீர்க்காகத்தையும் பாம்புத்தாராவையும் எடுத்து, "இறகு ஒட்டிப்போய்த் தெரிகிறதே" என்று லென்ஸின் மேல் பழி போடுவோர் உளர். இப்பறவைகளின் இறகு நீரில் நனையும் இயல்புடையது. நனைவதால் உடல் எளிதில் நீருள் அமிழ்ந்து மீனைத் துரத்த உதவுகின்றது. அதனால்தான் கரையேறியதும் சிறகை விரித்துக் காயவைக்கின்றன. அவ்வாறே, குஞ்சின் மேலுள்ள தூவியில் கொக்கிகள் இல்லை. அது எத்தகைய லென்ஸிலும் பஞ்சாகத்தான் தெரியும். குஞ்சின் கண்ணும் அலகும் தெளிவாக இருந்தால் அப்படம் நல்ல படமே.

ஒளியைப் பற்றிச் சிலவற்றை விரித்துக் கூறல் வேண்டும். வெண்ணிறப் பறவையின் இறகை அழிப்பது பெரும்பாலும் நடுப்பகல் வெயிலே. இறகின் வெண்மை சாயத்தால் வருவதன்று. இழைகளின் மேல் விழும் ஒளி நாற்புறமும் சிதறுவதால் வருவது. தலைக்கு நேர்மேலே சூரியன் நிற்கும்போது அச்சிதறல் ஒரே வெள்ளமாய்ப் பெருகி, இழைக்கும் இழைக்கும் இடையேயுள்ள மெல்லிய நிழலை விழுங்கிவிடுகிறது. காலையில் ஒளி சாய்வாக வருகிறது. உழுத வயலைக் காலை வெயிலில் பார்த்தால் படைச்சால்கள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்பதும், உச்சிவேளையில் அதே வயல் தட்டையாய்த் தோன்றுவதும் நம் உழவர் குடும்பங்கள் அறிந்ததே. இறகும் அத்தகையதே. சூரியனை முற்றிலும் முதுகுக்குப் பின்னே வைத்துக்கொள்ளாமல் சற்றே ஒரு பக்கமாய் வைத்துக்கொண்டால் இழைகள் எழுந்து நிற்கும். மேலும், கொக்கு, கரண்டிவாயன், நாரை ஆகியவற்றைக் கரிய இலைகளின் நடுவே எடுக்கும்போது காமிரா தானாக ஒளியைக் கூட்டிவிடும், வெண்மை வெந்துபோகும். கருவியில் உள்ள ஒளித்திருத்தத்தை மூன்றில் இரண்டு பங்கோ, ஒரு பங்கோ குறைத்து வைத்தல் நன்று. இருட்டாய்ப் போன இறகைப் பின்னர் ஓரளவு மீட்கலாம்; வெந்துபோன இறகை மீட்க வழியில்லை.

குளத்தின் நடுவில் நீந்தும் வரித்தலை வாத்துகளைத் தனியே குறிப்பிட வேண்டும். பின்தலையில் இரு கறுப்புப் பட்டைகளை உடைய இவ்வாத்துகள் இமயத்துக்கு அப்பாலுள்ள உயர்நிலங்களிலிருந்து குளிர்காலத்தில் இங்கு வருகின்றன. இவ்வினத்துப் பறவைகளில் கருவி பொருத்தி ஆராய்ந்தபொழுது, ஏழாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் அவை மலையைக் கடப்பது தெரியவந்தது. இத்துணைத் தொலைவு வந்த பறவை நம் அருகில் வர அஞ்சுகிறது; நீரின் நடுவிலேயே இருக்கும். கரையில் நின்று பெரிய லென்ஸால் இதனைப் படம் பிடித்தவர், "கண்ணாடி பழுது" என்று கடைக்காரரிடம் சண்டையிட்ட கதைகளை நாம் கேட்டிருக்கின்றோம். பழுது கண்ணாடியில் இல்லை. வெயில் ஏறியதும் கரையும் நீரும் வெவ்வேறு அளவில் சூடாகி, இடையிலுள்ள காற்று கானலாய் அலைகின்றது. அந்த அலையினூடே வரும் ஒளி வளைந்து நெளிந்து வருவதால் இறகு கலங்கிப் போகின்றது. லென்ஸின் சக்தி கூடக் கூடக் கானலும் பெரிதாகவே தெரியும்; ஷட்டரை எவ்வளவு விரைவாக வைத்தாலும் கலங்கல் நீங்காது. தை மாதத்தில்கூடக் காலை எட்டரை மணிக்கு மேல் வாத்துகளை விட்டுவிட்டுத் தெருவுக்குள் வந்துவிடுதல் அறிவுடைமை.

கருவியைக் கையாளும் முறை பற்றி நீண்டுரைக்கத் தேவையில்லை. கடையில் தரும் கையேட்டிலேயே பெரும்பாலும் இருக்கின்றது. அமர்ந்திருக்கும் நாரைக்கு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும்; காற்றடித்துக் கிளை ஆடினால் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும்; பறப்பதற்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 500 மி.மீ. லென்ஸில் துவாரத்தை எட்டு என்னும் எண்ணில் வைத்தாலும், பத்து மீட்டரில் தெளிவு கிடைக்கும் ஆழம் 19 சென்டிமீட்டர்தான். ஒரு சாண்கூட இல்லை. ஆதலால் கண்ணுக்குக் குவியம் வைத்து, பறவை பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணும் சிறகும் ஒரே தளத்தில் அமையும். இக்காலத்துக் காமிராக்கள் சில பறவையின் கண்ணைத் தாமே தேடிக் குவிக்கின்றன. நல்ல உதவியே, ஆனால் இலைகளினூடே அவையும் தடுமாறுகின்றன. முக்காலி இல்லாதவர் ஒரு துணிப்பையில் இரண்டு படி அரிசியை நிரப்பி, மதிற்சுவரின் மேல் வைத்து, லென்ஸை அதன்மேல் கிடத்தலாம். செலவும் இல்லை, படம் முடிந்ததும் அரிசி அடுக்களைக்குத் திரும்பிவிடும்.

பங்குனி மாதத்தில் ஒருமுறை நாம் அங்கிருந்தபோது நிகழ்ந்ததை இங்கே கூறியாக வேண்டும். முற்பகல் பதினொரு மணி இருக்கும். கொல்லை மரம் ஒன்றில் நான்கைந்து கூடுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குஞ்சுகள். தாயோ தந்தையோ ஒவ்வொரு கூட்டின் மேலும் சிறகைப் பாதி விரித்து, சூரியனுக்கு முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றன. அசைந்தால் நிழல் விலகிவிடும். தம் கால்களின் மீதே எச்சமிட்டு அவற்றை வெண்மையாக்கிக் கொண்டிருந்தன. அவ்வீரம் உலர்வதால் உடல் குளிர்கின்றது. வெளியூரிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் விலையுயர்ந்த கருவிகளோடு அங்கே நின்றார். நிற்கும் பறவையின் படம் அவருக்குப் போதவில்லை. விரிந்த சிறகின் உட்புற இறகு வேண்டும் என்று, காமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டு இரு கைகளையும் ஓங்கித் தட்டினார். இரண்டு நாரைகள் எழுந்தன. அவர் படமெடுக்கக் காமிராவைத் தூக்குவதற்குள், வீட்டுத் திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி எழுந்து வந்துவிட்டார்.

"ஏ தம்பி, கையத் தட்டாத. அது பறந்துட்டுன்னா குஞ்சுக்கு யாருப்பா நெழல் பிடிப்பா? நீ பிடிப்பியா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. இளைஞர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பின் மரத்தை அண்ணாந்து பார்த்தார். நிழல் நீங்கிய கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கூரையில் காகம் ஒன்று தலையைச் சாய்த்துக் கூட்டையே நோக்கிற்று. ஒரு நாரை சற்று நேரத்தில் திரும்பிவிட்டது. மற்றொன்று குளத்தின் பக்கம் வட்டமிட்டு, நாம் கடிகாரத்தைப் பார்த்து ஏறக்குறையப் பதினைந்து நிமிடம் கழித்தே வந்து இறங்கியது. அதுவரை மூதாட்டி புளியைத் தொடவில்லை. ஒரு கம்பை எடுத்துக்கொண்டு காகம் நெருங்காதபடி மரத்தடியிலேயே நின்றார். இளைஞரும் அவர் அருகே நின்றார். அன்று அவர் அந்த மரத்தில் மேலும் படம் எடுக்கவில்லை.

பறவைப் படக்கலையின் தொடக்க காலத்திலிருந்தே கூடு ஒரு பெரும் சோதனையாக இருந்து வந்திருக்கின்றது. பறவை எங்கும் நிற்காது. கூட்டிற்கு மட்டும் கட்டாயம் திரும்பும். ஆகவே படமெடுப்போர் கூட்டையே நாடினர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங் 1937-ஆம் ஆண்டு ஆந்தைக் கூட்டின் அருகே சென்றபோது, குஞ்சைக் காக்கப் பாய்ந்த தாயின் நகம் பட்டு ஒரு கண்ணை இழந்தார். நாரைக்கு அத்தகைய நகமும் இல்லை, மூர்க்கமும் இல்லை. எழுந்து பறந்துவிடுவது ஒன்றே அது அறிந்த வழி. அதற்குரிய விலையைக் குஞ்சு கொடுக்கின்றது.

நம் திருநெல்வேலியிலேயே 1912-ஆம் ஆண்டு பிறந்தவர் மா. கிருஷ்ணன்; எழுத்தாளர் அ. மாதவையாவின் மைந்தர், 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். பல கருவிகளின் உறுப்புகளைத் தம் கையாலேயே சேர்த்துப் பொருத்திய காமிராவைக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளையும் பறவைகளையும் எடுத்தார். இக்காலத்துச் சிறுவனின் கைப்பேசியில் உள்ள வசதிகளில் ஒன்றுகூட அவரிடம் இல்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர் எழுதிய கட்டுரைகளைப் படிப்போர், அவர் படமெடுத்த நேரத்தைவிடப் பார்த்துக்கொண்டிருந்த நேரமே மிகுதி என்பதை உணர்வர். அவருடைய நூல்களை நம் பள்ளி நூலகங்கள் வாங்கி வைக்கலாம்.

சிறகின் உட்புற இறகு வேண்டுவோர் கை தட்டத் தேவையே இல்லை. நாரைகள் குச்சி கொண்டுவரவும் மீன் கொண்டுவரவும் நாள் முழுதும் கூட்டிற்கும் குளத்திற்கும் பறந்துகொண்டே இருக்கின்றன. இறங்கும்போது அவை காற்றை எதிர்த்தே இறங்கும். காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து, அதனை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால், சிறகை முழுவதும் விரித்து, கால்களைத் தொங்கவிட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு பறவை நம்மை நோக்கியே வரும். மாலை நான்கரை மணிக்கு மேல் அச்சிறகினூடே ஒளி பாய்ந்து ஒவ்வோர் இறகின் தண்டும் தனித்தனியே தெரிவதை நாம் கண்டிருக்கின்றோம். வனத்துறையினரின் காவற்கோபுரத்தில் ஏறினால் பறவையின் உயரத்திலேயே நாமும் நிற்கலாம். வீட்டுக் கொல்லைக்குள் செல்வதாயின் முதலில் வீட்டாரிடம் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், மோரும் கிடைக்கும்.

வீடு திரும்பியபின் கணினியில் கூர்மையைக் கூட்டும் வேலையில் மிதமாய் இருத்தல் வேண்டும். மிகுதியாகக் கூட்டினால் இறகின் விளிம்பில் வெள்ளைக்கோடு ஒன்று போலியாய் முளைக்கும். இரைச்சல் நீக்கும் வசதியோ, புள்ளிகளை அழிப்பதாகக் கூறிக்கொண்டு இழைகளையும் வழித்துவிடும். கைப்பேசிகள் இவ்விரண்டையும் நம்மைக் கேளாமலே செய்துவிடுகின்றன.

பறவைகள் டிசம்பர் அளவில் வரத் தொடங்கி, குஞ்சுகள் பறக்கக் கற்றபின் ஜூன், ஜூலை மாதங்களில் கலைகின்றன. வாத்துகளைக் காண விரும்புவோர் ஜனவரியிலும், கூடுகளைக் காண விரும்புவோர் அதற்கடுத்த இரண்டு மாதங்களிலும் செல்லலாம். மழை பொய்த்த ஆண்டில் குளத்தில் நீர் இராது. நீர் இல்லையேல் பறவையும் இராது. ஆகவே புறப்படுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். குடிநீரும் தொப்பியும் உடன் கொண்டு செல்க. மூலைக்கரைப்பட்டிக்குத் திரும்பும் பேருந்தின் நேரத்தையும் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நலம்.